செவலையை இருமுறை கொடுத்தவர்

வயிரவநல்லூர்க் கோயிலின் அன்னதானக் கூடத்தில் எச்சில் இலை எடுத்துவந்தவர் உலகம்மையார். பந்தி எழுந்ததும் குனிந்த முதுகோடு வரிசையாக இலைகளை மடித்துக் கூடையில் போடுவார். தரையைக் கழுவி முடித்த ஈரக் கையோடு வயிரவர் சந்நிதிக்கு வந்து, வெளியே நின்றபடியே, "வாரேன் சாமி, புள்ளைங்க எல்லாம் பசியோட கெடக்கு" என்பார். அவ்வளவுதான் அவருடைய வழிபாடு. பதிகம் எதுவும் அவருக்குத் தெரியாது.

பிள்ளைகள் என்று அவர் சொன்னது நாய்களை. வயிரவருக்கு நாய் வாகனம் என்பதால், வேண்டாத நாயை அந்தக் கோயில் வாசலில் கொண்டுவந்து விடும் வழக்கம் சுற்றுவட்டாரத்தில் இருந்தது. கழுத்தில் ஒரு முழம் செவ்வந்தி கட்டி, கற்பூரம் காட்டி, "சாமிக்கு விட்டாச்சு" என்று போய்விடுவார்கள். மாலை வாடுவதற்குள் நாய் பசியில் அந்தப் பூவையே மென்றுகொண்டிருக்கும். உலகம்மையார் அதைத் தம் குடிசைக்கு அழைத்துப் போவார். புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவுவார், கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்டு வருவார். தேறியதும் நல்ல வீடாகத் தேடிக் கொடுத்துவிடுவார். தமக்கென்று ஒன்றையும் வைத்துக்கொண்டதில்லை. "ஒண்ண வச்சிக்கிட்டா அடுத்ததுக்கு எடமில்ல" என்பார்.

ஊர் சிரித்தது. கோயிலுக்குப் பிச்சிப்பூ கொடுக்கும் ஆவுடையம்மாள் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். "எச்சி எல பொறுக்குதவளுக்கு வந்த வாழ்வப் பாரு. நாய்க்கு மாப்ள வீடு தேடுதா."

"சீதனம் கேக்காத வீடா ஒண்ணு இருந்தாச் சொல்லுங்களேன்" என்று உலகம்மையாரும் உடன் சிரிப்பார்.

அந்தச் சிரிப்புக்கு அடியில் இருந்ததை யாரும் அறியவில்லை. அடியார்க்கும் மனம் உண்டு. ஒவ்வொரு நாயையும் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, பெற்றுக்கொண்டவர்கள்மேல் அவருக்குப் பொறாமை மூளும். அந்த வீட்டுக் குழந்தை அதன் காதை வருடுவது பொறுக்காது. புதுப்பெயர் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டால் அன்று சோறு இறங்காது. தேற்றியது என் கை, வாலாட்டுவது வேறொருத்திக்கா என்று நினைப்பார். நினைத்ததற்கு வெட்கப்படுவார். வெட்கப்பட்ட பிறகும் நினைப்பார்.

செவலை வந்தபோது அந்த நோய் முற்றியது. உடம்பெல்லாம் புண்ணாகி நிற்கமாட்டாமல் கிடந்த பெட்டை நாய் அது. ஒரு மழைக்காலம் முழுவதும் அவர் மடியில் கிடந்து பிழைத்தது. பிழைத்தபின் அவர் பாதத்தின்மேல் மோவாயை வைத்துத்தான் உறங்கும். காலை அசைக்காமல் படுக்க அவர் பழகிக்கொண்டார்.

அதைக் கேட்டு வந்தவர், அத்தனை நாள் சிரித்த ஆவுடையம்மாள். பூச்செடிகளைப் பன்றி தோண்டுகிறது, கணவருக்குக் கண் மங்கிவிட்டது, தோட்டத்தில் துணை வேண்டும் என்றார். நிழல் இருந்தது, கிணறு இருந்தது, சுற்றிலும் வேலி இருந்தது. மறுக்க ஒரு காரணமும் இல்லை. காரணம் இல்லாததே உலகம்மையாருக்கு எரிந்தது. வீடு இருக்கிறது, புருசன் இருக்கிறார், பூவும் இருக்கிறது; இதுவும் வேண்டுமா இவளுக்கு?

சந்நிதியில் போய் நின்றார். "உமக்கென்ன சாமி. உம்ம நாய் கல்லு. எவளும் வந்து கேக்கமாட்டா" என்றார். பிறகு வந்து செவலையைக் கொடுத்தார்.

கொடுத்தாரே தவிர, விடவில்லை. மறுநாள் பந்தியில் மிஞ்சிய தயிர்ச்சோற்றை இலையில் மடித்துக்கொண்டு தோட்டத்தின் பின்பக்கம் போய் நின்றார். செவலை ஓடிவந்தது. வேலி இடுக்கில் கைநீட்டி ஊட்டினார். அன்றுமுதல் தினமும் போனார். ஒருநாள் ஆவுடையம்மாள் கோயிலில் அவரைக் கண்டு, "நான் வைக்கத மோந்துகூடப் பாக்கமாட்டேங்கு. பால் ஊத்தினாலும் மொகத்தத் திருப்பிக்கிடுது" என்றார். உலகம்மையார் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். உள்ளே இனித்தது. எந்தப் பிரசாதத்திலும் அவர் அந்த இனிப்பைக் கண்டதில்லை.

பிறகு அவர் காய்ச்சலில் விழுந்தார். பாயைவிட்டு எழ முடியவில்லை. காய்ச்சல் தணிந்து எழுந்து உட்கார்ந்த அன்று, குடிசை வாசலில் ஆவுடையம்மாள் நின்றார். பூக்கட்டும் நார் கையிலேயே இருந்தது.

"வேலிகிட்டயே கெடக்கு. தண்ணிகூட எறங்கல. டாக்டரு வந்து பாத்தாரு. சீக்கு இல்ல, ஏக்கம், இப்படியே கெடந்தாத் தாங்காதுன்னுட்டாரு. நீ வா."

"நாந்தான்" என்றார் உலகம்மையார். "பின்பக்கமா வந்து நாந்தான் ஊட்டிக்கிட்டிருந்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"வேலியோரம் கெடந்த எச்சி எலய தெனமும் பொறுக்கிப் போட்டது யாருன்னு நெனச்ச? ஒரு வாயாவது திங்குதேன்னு பேசாம இருந்தேன். எனக்கும் வயித்தெரிச்சல்தான். அதுக்கா இப்ப நேரம்? எந்திரி மைனி."

தோட்டத்தில் செவலை அவரைக் கண்டு தலையைத் தூக்கியது. வால் மண்ணைத் தட்டியது. அவர் கைச்சோறு ஒரு பிடி போதும், அன்றைக்குப் பிழைத்துவிடும். மறுநாளும் அந்தக் கைக்கே காத்துக் கிடக்கும். உலகம்மையார் சோற்றைப் பிசைந்து ஆவுடையம்மாளின் உள்ளங்கையில் வைத்தார். தம் வாசனை அதில் இருக்கட்டும் என்று முந்தானையைக் கிழித்து அந்தக் கையின் மணிக்கட்டில் சுற்றினார். "நீங்க குடுங்க" என்று சொல்லி, முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

செவலை ஊர்ந்து வந்து அவர் பாதத்தின்மேல் மோவாயை வைத்தது. அவர் பாதத்தை இழுத்துக்கொண்டார். அது முனகியது. மீண்டும் வைத்தது. மீண்டும் இழுத்துக்கொண்டார். பின்னாலிருந்து, "வா தாயி, இந்தா" என்று ஆவுடையம்மாள் கெஞ்சும் குரல் கேட்டபோது அவர் நெஞ்சு வெந்தது. பொறாமையை எடுத்துவிடும் என்று அவர் வேண்டவில்லை. "இது பாட்டுக்கு எரியட்டும் சாமி. அது தின்னாப் போதும்" என்றே வேண்டினார்.

வெகுநேரம் கழித்து முதுகுக்குப் பின்னால் நக்கும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து, அந்தப் பக்கம் பாராமல் நடந்தார். அதன்பின் அந்தத் தோட்டத்து வழியிலேயே போகவில்லை.

தை மாதத்துத் தேய்பிறை அட்டமியன்று, கண் மங்கிய கணவரைச் செவலை முன்னால் நடத்திவர, ஆவுடையம்மாள் பூக்கூடையோடு கோயிலுக்கு வந்தார். உலகம்மையாரைக் கண்டதும் செவலை பாய்ந்து வந்து கையையும் முகத்தையும் நக்கியது. அவர் வடைமாலையில் கிடைத்த வடை ஒன்றை நீட்டினார். செவலை முகர்ந்தது. வாய் வைக்காமல் திரும்பி ஆவுடையம்மாளின் முகத்தைப் பார்த்தது.

"தின்னு" என்றார் ஆவுடையம்மாள். அது தின்றது.

பிழைத்துவிட்டது, இனி அது அந்த வீட்டுப் பிள்ளை. அந்த நிறைவோடு கூடவே பழைய நெருப்பும், ஒரு பொறி குறையாமல், உலகம்மையாருக்குள் எழுந்தது. அதோடுதான் சந்நிதிக்கு முன் போய் நின்றார். கும்பிடக் கை எழவில்லை. அப்போது உள்ளிருந்து ஒரு குரல் அவருக்கு மட்டும் கேட்டது.

"உன்ன இந்த நாய்களுக்குக் குடுத்துட்டு, நான் எப்படி எரிஞ்சிக்கிட்டு நிக்கேன்னு நெனச்ச?"

உலகம்மையார் அப்படியே விழுந்து வணங்கினார். குருக்கள் ஓடிவந்து என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல சாமி, அவரும் நம்மள மாதிரிதான்" என்று சொல்லிச் சிரித்தார், கண்கள் வழிந்துகொண்டிருந்தன.

எரிகின்ற மனத்தோடும் ஈந்த அந்தக் கைக்கு நம் தலை தாழ்க.