கீரியின் எதிர்முறுக்கு

காட்டோரத்துப் பாழுங்கிணற்றில் ஓர் ஆமை விழுந்துவிட்டது.

கிணற்றில் தண்ணீர் இல்லை. அடியில் கொஞ்சம் சேறு மட்டும் இருந்தது. அதனால் ஆமைக்கு அடிபடவில்லை. ஆனால் ஏறி வரவும் வழியில்லை.

கோடை முற்றியிருந்தது. காட்டுக் குளமும் வற்றிக்கொண்டு வந்தது. விலங்குகள் மலைக்கு அப்பால் இருந்த ஆற்றுக்குப் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தன. அதற்குள் ஆமையை மேலே எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அதை அங்கேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

"ஒரு கயிறு இருந்தா தூக்கிடலாம்" என்றது அணில்.

"கயித்துக்கு எங்கே போறது?" என்றது முள்ளம்பன்றி.

"நான் எதுக்கு இருக்கேன்? சொல்லித்தர்றேன், எல்லாரும் திரிங்க!" என்றது குரங்கு.

ஊருக்குள் கயிறு திரிக்கும் களம் ஒன்று இருந்தது. குரங்கு ஒருநாள் அதன் மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருந்தது. ஆட்கள் நாரை முறுக்கிப் புரியாக்கினார்கள். பல புரிகளைச் சேர்த்துக் கயிறாக்க எழுந்தபோது ஒரு நாய் வந்து துரத்தியது. குரங்கு ஓடிவந்துவிட்டது. இதை அது யாரிடமும் சொல்லவில்லை. மீதியை ஊகித்துக்கொள்ளலாம் என்று நினைத்தது.

மறுநாள் காலை, கிணற்றருகே புங்கமரத்தடியில் வகுப்பு தொடங்கியது.

கற்றாழை மடல்களைக் கல்லில் வைத்து நசுக்கினார்கள். சதையைக் கழுவிவிட்டு நாரை எடுத்தார்கள். நார் ஒரே சிக்காக இருந்தது. குரங்கு முள்ளம்பன்றியைத் திரும்பி நிற்கச் சொன்னது. நாரை அதன் முதுகு முட்களில் கொடுத்து இழுத்தது. சிக்கு விட்டது.

"நான் பாடம் கத்துக்க வந்தேனா, உனக்குச் சீப்பா இருக்க வந்தேனா?" என்றது முள்ளம்பன்றி.

"அசையாம நில்லுக்கா. படிப்புன்னா கஷ்டம் இருக்கத்தான் செய்யும்!"

பிறகு குரங்கு உட்கார்ந்து, நாரைத் தொடைமேல் வைத்து, உள்ளங்கையால் உருட்டிக் காட்டியது. நார் முறுக்கேறிப் புரியாக நீண்டது.

"பார்த்தா மட்டும் வராது. கை வைக்கணும். எல்லாரும் வலப்பக்கம் முறுக்குங்க!"

அணில் முறுக்கியது. முள்ளம்பன்றி முறுக்கியது. கீரியும் முறுக்கியது. குரங்கு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொருவரையும் பார்த்து வந்தது. கீரியின் முன்னால் வந்ததும் நின்றது.

கீரிக்கு இடது கைப் பழக்கம்.

"என்ன செய்யறே?"

"முறுக்கறேன்."

"இடப்பக்கமாவா?"

"என் கை அப்படித்தான் போகுது. அதுக்கென்ன? எந்தப் பக்கம்னு நார் கேட்டுச்சா?"

"வலப்பக்கம்னா வலப்பக்கம்தான்!"

"ஏன்னு சொல்லு. முறுக்கறேன்."

ஏன் என்று குரங்குக்குத் தெரியாது. அதனால் அதற்குக் கோபம் வந்தது.

"வகுப்பைக் கெடுக்கிறவங்களுக்கு இங்கே இடமில்லை. வெளியே போ!"

கீரி தன் நாரை அள்ளிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. அங்கேயும் இடப்பக்கமாகவே முறுக்கியது.

புரிகள் சேர்ந்தன. குரங்கு அவற்றில் சிலவற்றை எடுத்து ஒன்றாக வைத்தது. புரியை முறுக்கியது போலவே, கயிற்றையும் வலப்பக்கமாகவே முறுக்கியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கையை விட்டால் நெளிந்தது. குரங்கு சட்டென்று ஒரு நுனியை மரத்தின் வேரில் கட்டி, மறுநுனியில் சுருக்குப் போட்டுக் கிணற்றுக்குள் இறக்கியது.

அணில் சுவரைப் பற்றி இறங்கி ஆமைக்குச் சுருக்கை மாட்டியது. மேலே குரங்கும் முள்ளம்பன்றியும் இழுத்தன. ஆமை சேற்றைவிட்டுக் கிளம்பியது. கிளம்பியதும் சுற்றத் தொடங்கியது.

"டேய்! தூக்கச் சொன்னா ஏன்டா சுத்தறீங்க?"

சுற்றச் சுற்ற முறுக்கு இறங்கியது. பாதிக் கிணற்றில் கயிறு நார்நாராகப் பிரிந்தது. ஆமை கீழே விழுந்தது. வெயிலில் காய்ந்த சேறு முன்பு போல் இளக்கமாக இல்லை. ஓட்டின் ஓரத்தில் விரிசல் விட்டது.

கிணற்றுக்குள்ளிருந்து ஆமையின் குரல் வந்தது.

"வாத்தியாரே, உயிரோடதான் இருக்கேன். இன்னொரு பாடம் தாங்காது!"

பாறைக்குப் பின்னாலிருந்து கீரி வந்தது. அதன் கையில் ஒரு கயிறு இருந்தது.

"இப்பப் பாருங்க, என் கயித்தை!"

"முதல்ல கல்லைக் கட்டிப் பார்" என்றது முள்ளம்பன்றி.

கீரி ஒரு கல்லைக் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டது. அதுவும் புரியை எப்படி முறுக்கியதோ அப்படியேதான் கயிற்றையும் முறுக்கியிருந்தது. கல் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. கயிறு பிரிந்தது. கல் தரையில் விழுந்தது.

"அது அந்தப் பக்கம் சுத்துச்சு, இது இந்தப் பக்கம் சுத்துது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றது முள்ளம்பன்றி. பிறகு குரங்கிடம் திரும்பியது. "உனக்கு இதை யார் கத்துக்கொடுத்தா?"

"பாதிதான் பார்த்தேன்" என்றது குரங்கு. "நாய் வந்துடுச்சு."

"முதல்லயே சொல்லியிருந்தா அந்த நாயையே வாத்தியாரா வெச்சிருப்போமே!"

அந்த வழியாக மான்கூட்டம் போனது. "வரலையா?" என்று ஒரு மான் கேட்டது. முள்ளம்பன்றி கிணற்றைக் காட்டியது. மான்கள் மலைப்பக்கம் மறைந்தன.

புதிதாக நார் எடுக்கக் கற்றாழை மீதமில்லை. வகுப்பில் வலப்பக்கமாகத் திரித்து மீதமான புரிகள் மட்டுமே கிடந்தன. கீரி அவற்றில் இரண்டைச் சேர்த்துப் பிடித்தது.

"விடு அதை!" என்று கத்தியது குரங்கு.

"நாராப் பிரிச்சு, என் வழியில திரும்ப முறுக்கப்போறேன்."

"அது என் வகுப்பு திரிச்சது!" என்று குரங்கு ஓடிவந்து அவற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டது.

கீரி விடவில்லை. முறுக்கைப் பிரிப்பதற்காக இரண்டையும் சேர்த்து இடப்பக்கமாகத் திருகியது. குரங்கு தன் நுனியைத் திரும்பவிடாமல் இறுக்கிப் பிடித்தது. கீரி இன்னும் திருகியது. புரிகள் பிரியவில்லை. ஒன்றையொன்று சுற்றிக்கொண்டன.

"பிரிய மாட்டேங்குதே! நீ விடு!"

"நீ விடு!"

இரண்டும் ஒரே நேரத்தில் விட்டன.

அணில் அதை எடுத்துப் பார்த்தது. நெளியவில்லை. சுருளவில்லை.

"ரெண்டு பேரும் விட்டுட்டீங்க. இது விடலையே!"

கல்லைக் கட்டினார்கள். கல் ஒருமுறை லேசாக அசைந்து நின்றது. முள்ளம்பன்றி கிட்டே போய்ப் பார்த்தது. புரி ஒரு பக்கம் பிரியப் பார்த்தது. கயிறு அதற்கு எதிர்ப்பக்கம் பிரியப் பார்த்தது. ஒன்றை மற்றொன்று பிரியவிடவில்லை.

"ரெண்டு பேரும் இப்படியே பிடிங்க. மீதிப் புரியையும் சேத்துக்குங்க!" என்றது முள்ளம்பன்றி.

குரங்கு ஒரு நுனியைப் பிடித்தது. கீரி மறுநுனியை இடப்பக்கமாகத் திருகியது. அணில் நடுவில் புரி சேர்த்துக் கொடுத்தது.

"இறுக்கிப் பிடி! தூங்கறியா?"

"நீ ஒழுங்காத் திருகு! வந்துட்டே பெருசா!"

"உன் வகுப்புல நான் இல்லையே. என்னை ஏன் அதட்டறே?"

கயிறு நீண்டது. இந்தமுறையும் அணில் கீழே இறங்கிச் சுருக்கு மாட்டியது. மேலே எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். ஆமை சுற்றவில்லை. சுவரில் ஒருமுறை உரசியது. விளிம்பில் முன்கால்கள் தெரிந்தன. முள்ளம்பன்றி ஓட்டைக் கவ்வி இழுத்துக் கரையில் போட்டது.

ஆமை மூச்சு வாங்கிக்கொண்டு குரங்கையும் கீரியையும் மாறிமாறிப் பார்த்தது.

"உங்க சண்டை கீழே வரைக்கும் கேட்டுச்சு. எங்கே சமாதானமாகி நிறுத்திடுவீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன்!"

ஒத்துப்போகிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டால் காரியம் பாதியில் பிரிந்துவிடும். எதிர்த்துத் திருகுகிறவரையும் சேர்த்துக்கொண்டால்தான் அது பாரம் தாங்கும்.