எழாத மூன்று சிப்கள்

ஐம்பத்திரண்டு வயதில் சிங்காரவேலு சிப் வடிவமைக்கக் கற்றுக்கொண்டிருந்தார். அவருடைய குரு ஹபீபாவுக்கு வயது முப்பத்தாறு.

ஒரு சிப்புக்குள் 1.2 வோல்ட்டை அசையாமல் நிறுத்த வேண்டும். அதுதான் அவருக்குக் கொடுத்த முதல் வேலை. குறைமாதக் குழந்தைகளை வைக்கும் சூட்டுப்பெட்டிக்குள் அந்தச் சிப் போகும். பெட்டி தன் சூட்டை அளப்பதே அந்த 1.2-ஐ நம்பித்தான். வெயிலோ குளிரோ, எண் மாறக் கூடாது. கணினிச் சோதனையில் மாறவில்லை. மனிதர் அந்த நேர்கோட்டை அச்செடுத்துத் தன் மேசையில் ஒட்டிவைத்திருந்தார். அவ்வளவு பெருமை.

மாதிரிச் சிப்கள் பத்து வந்தன. ஏழு 1.2 காட்டின. மூன்று பூஜ்யம்.

"ஃபேக்டரிக்காரங்க சொதப்பிட்டாங்க மேடம். மூணும் செத்த சிப். நாலு மணிக்குள்ள கையெழுத்து கேக்குறாங்க, போட்டுடட்டுமா?"

போட்டால் லட்சம் சிப் தயாராகும்.

ஹபீபா மீட்டரைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா பூஜ்யத்துல இருக்கு?"

"காலையிலருந்து."

"கொஞ்சமாவது அசைஞ்சுதா?"

"இல்ல மேடம்."

"நிலையா நிக்கணும்னுதானே சார் ஆசைப்பட்டீங்க? நிக்குதே."

சிங்காரவேலுவுக்குச் சுருக்கென்றது.

"கிண்டல் பண்ணாதீங்க மேடம்."

"கிண்டல் இல்ல சார். இந்தச் சர்க்யூட் தனக்கு வேண்டிய கரண்ட்டைத் தானே உண்டாக்கிக்கும். ஓடினா ஓடிக்கிட்டே இருக்கும். நின்னா நின்னபடியே இருக்கும். ரெண்டுமே அதுக்கு நிம்மதிதான். முதல்ல ஒரு தள்ளு வேணும். அந்த ஏழுக்கும் ஏதோ அதிர்ஷ்டத்துல கிடைச்சிருக்கு."

ஹபீபா விரலை நீட்டி, எழாத சிப் ஒன்றின் கம்பிக்காலைத் தொட்டார். மீட்டர் 1.2 காட்டியது. விரலை எடுத்தார். 1.2 அப்படியே நின்றது. மற்ற இரண்டும் அதேபோல் எழுந்தன.

சிங்காரவேலு வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப எதுவும் சாகல! எல்லாம் நல்ல சிப்புதான்!" என்று பேனாவை எடுத்தார்.

"போடுங்க சார். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் விரலை யார் கொண்டுபோறது?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"கம்ப்யூட்டர்ல நானூறு தடவை ஓட்டினேன் மேடம். ஒரு தடவைகூட யாரும் தொடல. தானாத்தான் எழுந்துச்சு."

ஹபீபா அவருடைய சோதனைக் கோப்பைத் திறந்தார். சோதனை சீக்கிரம் முடியட்டும் என்று முதல் நாள் சிங்காரவேலுவே தட்டிவைத்து, பிறகு மறந்தும்போன ஒரு வரி மேலேயே இருந்தது: தொடக்க மதிப்பு 1.2.

"நானூறு தடவையும் நீங்கதான் சார் எழுப்பிவிட்டிருக்கீங்க."