அடிக்காத போன்

“புது யூனிட் பொறுப்பை எனக்குத் தருவீங்களா, மாட்டீங்களா மேடம்?” என்று கேட்டார் பரஞ்சோதி.

பால் பவுடர் ஆலையில், பாலைக் காயவைத்துப் பவுடராக்கும் டிரையருக்கு அவர்தான் ப்ராசஸ் இன்ஜினியர். சேர்ந்து பதினோரு வருடம். எதிரே உட்கார்ந்திருந்த ஜெயசீலி தலைமை இன்ஜினியர். அவரைவிட இரண்டு வயது இளையவர். அந்த உறுத்தல் வேறு.

“எதுக்கு உங்களுக்குத் தரணும்?”

“நான் இல்லாட்டி டிரையர் அரை நாள் ஓடாது. நிம்மதியா ஒரு வாய் சாப்பிட முடியாது, போன் அடிச்சுக்கிட்டே இருக்கும்.”

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. பரஞ்சோதி முகத்தில் பெருமை வழிந்தது.

ஜெயசீலி கையை நீட்டி அதை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

“சொல்லுங்க அழகர்.”

டிரையர் ஆபரேட்டர் அழகர் பதறினார். “பவுடர் சுவர்ல ஒட்டுது மேடம். சார் இல்லையா?”

“ஏன் ஒட்டுது?”

“தெரியல மேடம். சார் வந்து என்னமோ பண்ணுவாரு. சரியாயிடும்.”

“என்ன பண்ணுவாரு?”

“அதைச் சொல்ல மாட்டாரு மேடம்.”

ஜெயசீலி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

பரஞ்சோதி கோபமாகத்தான் படியிறங்கினார். டிரையர் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற அழகரைப் பார்த்ததும் கோபம் போய் வெட்கம் வந்தது.

“இங்க வாங்க அழகர். காத்து உள்ள போற இடத்துல கையை வைங்க. எப்படி இருக்கு?”

“ஈரமா இருக்கு சார். மழை வரும்போல.”

“ஈரக் காத்துல பால் சரியாக் காயாது. அதான் ஒட்டுது. அப்ப என்ன பண்ணணும்?”

“பாலைக் கம்மியா விடணுமா சார்?”

“ஆமா, நீங்களே கம்மி பண்ணுங்க. நான் தொட மாட்டேன்.”

அந்த மழைக்காலம் முழுக்க அவர் எதையும் தொடவில்லை. கை துறுதுறுத்தது. கேள்வி கேட்டார், காரணம் சொன்னார். அழகர் வால்வைத் தப்பான பக்கம் திருகியபோது பல்லைக் கடித்துக்கொண்டு, அவரே கண்டுபிடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

தை பிறந்தது. பரஞ்சோதி மறுபடியும் ஜெயசீலி முன்னால் வந்து நின்றார். ஆள் வாடிப் போயிருந்தார்.

“போனே வர்றதில்ல மேடம்.”

“ம்.”

“ஒரு வாரமாச்சு. என் வேலைக்கு நானே உலை வெச்சுக்கிட்டேன். பொண்ணு இந்த வருஷந்தான் காலேஜ் சேர்ந்திருக்கா.”

போன் அடித்தது. பரஞ்சோதி பாய்ந்து எடுத்தார்.

“என்னாச்சு அழகர்? ஒட்டுதா?”

“அது பாட்டுக்கு ஓடுது சார். வீட்ல இன்னைக்கு நாட்டுக்கோழி. என் சம்சாரம் உங்களுக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கா. சாப்பிட வர்றீங்களா?”

“வர்றேன்,” என்றார் பரஞ்சோதி.

“நிதானமா சாப்பிட்டு வாங்க,” என்றார் ஜெயசீலி. “உங்க புது யூனிட்டுக்கு ஆளுங்க வந்திருக்காங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது.”