திருமூர்த்தி வாங்கிய கார்புரேட்டர்

பொள்ளாச்சித் திருமூர்த்தி சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு மீதியையும் நம்பக் கூடாது என்பது ஊருக்கே தெரியும். சென்னியப்பனுக்கும் தெரியும். தெரிந்தும் நம்பித் தொலைத்தார். மகனின் மாப்பிள்ளை அழைப்புக்கு, "என்ற பழைய பியட் காரைத் தர்றேன், மாப்பிள்ளை ராஜாவாட்டம் வரட்டும்" என்று திருமூர்த்தி சொன்னதும், அதைப் பெண் வீட்டாரிடம் பெருமையடித்தும் விட்டார். அழைப்பு நாளைக்குச் சாயங்காலம். முகூர்த்த நாளில் வேறு கார் எங்கே கிடைக்கும்? இன்றைக்கு ஜபருல்லா பாயின் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் பார்த்தால், கார் பானெட்டைத் திறந்து போட்டுக்கொண்டு நிற்கிறது.

"கார்புரேட்டர் இல்லீங்க, அதில்லாம இன்ஜின் ஓடாது," என்றார் மெக்கானிக் பாய். "அண்ணன் ஆன்லைன்ல வாங்கித் தர்றேன்னு மாசக்கணக்காச் சொல்றாருங்க."

சென்னியப்பன் பக்கத்தில் நின்ற திருமூர்த்தியிடம் திரும்பினார். "ஏனுங்ணா, நாளைக்கு என் மானம் கப்பலேறிருமுங்க. வாங்குனீங்களா, இல்லீங்களா?"

"வாங்குனனாவா?" திருமூர்த்தி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்திருக்க மாட்டார். சென்னியப்பனும் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தார்.

"மொத ஒருத்தன் போட்டோப் போட்டிருந்தான் தம்பி. அசல் கார்புரேட்டர், தகதகன்னு. பார்சலும் வந்துச்சு. பிரிச்சா இதுதான்." பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து ஆட்டினார். கட்டைவிரல் அளவுக்கு ஒரு கார்புரேட்டர் அதில் தொங்கியது. "ஏன்டா இப்படின்னு கேட்டா, 'போட்டோவுல இருக்கற மாதிரியேதானுங்க இருக்குது, அளவைப் பத்தி நாங்க ஏதாச்சும் சொன்னமுங்களா?'ங்கறான்."

இது நிஜமாகவே இருக்கலாம் என்று சென்னியப்பன் நினைத்தார். பொருள் கண்ணெதிரே ஆடுகிறதே. ஆனால் திருமூர்த்தி தொண்டையைக் கனைத்ததும் அந்த நம்பிக்கை போய்விட்டது.

"திருப்பி எடுத்துக்கடான்னேன். பார்சல் பிரிச்ச வீடியோ கேட்டான். அனுப்பினேன். 'இதை நீங்கதான் எடுத்தீங்கன்னு எப்படி நம்பறது? நீங்க வீடியோ எடுக்கறதை ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க'ன்னான். பக்கத்து ஊட்டுக்காரனை விட்டு எடுத்தேன். அவன் எடுத்ததுக்கு என்ன சாட்சின்னான். அவனுக்குப் பின்னால ஒருத்தன், அவனுக்கும் பின்னால ஒருத்தன்னு, போன் வெச்சிருக்கறவனையெல்லாம் நிறுத்தினேன். வரிசை மார்க்கெட்டைத் தாண்டி, கோயமுத்தூர் ரோட்டுல ஏறி, கடைசி ஆளு கிணத்துக்கடவுல நின்னு எடுத்தான்!"

"அத்தனை பேரும் வேலையை விட்டுப்போட்டு வந்தாங்களாக்கும்?" என்றார் பாய்.

"டீ வாங்கிக் குடுத்தேனில்ல? ஒரு நாள் பொள்ளாச்சில சொட்டுப் பால் கிடைக்கலியே, மறந்துட்டீங்களா? எல்லாத்தையும் பார்த்துட்டு அவன் சொல்றான், 'கோயில்பாளையத்துல நின்னவரு கை ஆடிப்போச்சுங்க, ரிட்டர்ன் எடுக்க முடியாது'ன்னு."

"கார்புரேட்டருக்கு வாங்ணா," என்று சென்னியப்பன் பல்லைக் கடித்தார்.

"வர்றேன். அடுத்தவன்கிட்டச் சொன்னேன். 'நாட்டுலயே ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது, புத்தம் புதுசு'ன்னான். பார்சல் எங்க வருதுன்னு போன்லயே பார்த்துட்டிருந்தேன். கோயமுத்தூர் வந்துச்சு. அங்கிருந்து கௌகாத்தி போச்சு. திரும்பி வந்து, நம்ம ஊட்டு வாசலைத் தாண்டி, காஷ்மீருக்குப் போச்சு! என்ற காரு பொறந்ததுலருந்து ஓடாத தூரத்தை அந்தக் கார்புரேட்டர் ஓடிருச்சு. வந்து சேர்றப்பத் துருப்பிடிச்சு, தேய்ஞ்சு, கிழடு தட்டிப்போச்சு. கேட்டா, 'அனுப்பறப்பப் புதுசுதானுங்க. இப்ப அது பழங்காலத்துப் பொருளாயிருச்சு, விலை ரெண்டு மடங்கு'ங்கறான்!"

பாய் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். சென்னியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆரத்தித் தட்டோடு மண்டப வாசலில் காத்து நிற்கும் சம்பந்தியம்மாதான் கண்ணுக்குள் நின்றார்.

"இதுக்கே சிரிச்சா எப்படிங்க பாய்? அதுக்கப்பறம் ஒருத்தன்கிட்டக் கார்புரேட்டர்னுதான் சொன்னேன். லாரில ஒரு பெரிய பெட்டி வந்து இறங்குச்சு. பிரிச்சா, முழுசா ஒரு பியட் காரு! சீட்டு, கண்ணாடி, டேங்க் நிறையப் பெட்ரோலு, எல்லாம் இருக்குது."

"அப்பறமென்னுங்ணா, அதைக் கொண்டாங்க!" சென்னியப்பன் தன்னையறியாமல் துள்ளி எழுந்துவிட்டார்.

"அதுல கார்புரேட்டர் மட்டுந்தான் இல்ல, தம்பி."

சென்னியப்பன் மறுபடி உட்கார்ந்தார். இந்த மனுஷன் பேச்சைக் கேட்டு எழுந்தோமே என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"அந்தக் காரு இப்ப எங்கீங்க?" பாய் விடவில்லை.

"திருப்பி அனுப்பிட்டேன். டப்பாவோட அனுப்பணும்னான். பெட்டியை எம் பேரன் கிழிச்சுட்டான். அதனால காரை நாலா மடிச்சு, இந்தச் சாவிக்கொத்து வந்த டப்பாவுல போட்டு ஒட்டி அனுப்பினேன்."

சென்னியப்பன் எழுந்துபோய்க் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். நாலு டயரிலும் காற்று இருந்தது. கியரை நியூட்ரலில் தள்ளி, பின்னாலிருந்து கை வைத்து அழுத்தினார். கார் நகர்ந்தது. அவர் முகம் தெளிந்தது.

"பாய், பானெட்டைச் சாத்துங்க. மாப்பிள்ளை அழைப்புல எந்தக் காரு ஓடுது? பேண்டு செட்டுக்காரங்க பின்னால ஊர்ந்தாப் போதும். பூவைச் சுத்திட்டா இன்ஜின் ஓடுதா இல்லையான்னு எவனுக்குத் தெரியும்? நாலு பசங்களை விட்டுத் தள்ளிக்கலாம்."

தன் கதையை ஒருவர் இப்படிச் சுலபமாக முடித்து வைப்பது திருமூர்த்திக்குப் பொறுக்கவில்லை.

"நாலு பேரா? இந்தக் காரை ஆழியார்லருந்து வால்பாறை வரைக்கும் ஒத்தை ஆளாத் தள்ளிட்டுப் போனவன் நானு! நாப்பது கொண்டை ஊசி வளைவு. உள்ள ஏழு பேரு உக்காந்துட்டு வந்தாங்க. ஒருத்தருக்கும் தூக்கம் கலையல!"

சென்னியப்பன் பாயைத் திரும்பிப் பார்த்தார். "அப்பப் பசங்க வேண்டாமுங்க பாய்."

பிறகு திருமூர்த்தியிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"பிள்ளையார் கோயில்லருந்து மண்டபத்துக்கு ஒரு வளைவுகூட இல்லீங்ணா. நாளைக்குச் சாயங்காலம் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வந்துருங்க."