நிலவைத் தொலைத்த அரசர்

வேங்கைமலை நாட்டில் அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. களஞ்சியங்கள் நிறைந்தன. எதிரிகள்கூடச் சண்டைக்கு வரவில்லை. வேலை வெட்டி இல்லாத அரசர் என்ன செய்வார்? முத்துவீர பூபதி கவிதை எழுத ஆரம்பித்துவிட்டார்.

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. அவருடைய ஒரே மகள் பூங்கோதை கல்யாணமாகிக் கடற்கரை நாட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு ஒரு கவிதை அனுப்ப வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. ஆசையில் தப்பில்லை. கவிதைதான் இப்படி இருந்தது:

ஆகா நிலவே! ஓகோ நிலவே!
பாகே! தேனே! பாலே! நிலவே!
மகளைப் பிரிந்தேன், மாமணி நிலவே!
ஐயோ நிலவே! ஐயையோ நிலவே!

"ஆகா! இதற்கு மேல் ஒரு கவிதை பிறக்குமா?" என்று கண்ணை மூடித் தலையாட்டினார் ஆஸ்தானப் புலவர் சிங்காரர். அதோடு விட்டாரா? "இப்படிப்பட்ட கவிதையில் குற்றம் காண்பவனை யானைக் கொட்டாரத்தில் சாணம் அள்ள விட வேண்டும்" என்றார். அரசரும் குஷியில் அதைச் சட்டமாக்கிவிட்டார்.

சிங்காரருக்கு அரண்மனையில் ஒரே ஒருவனைத்தான் பிடிக்காது. சாமர்த்தியசாலி அம்பலக்கூத்தனை. மெல்ல அரசரின் காதில் ஓதினார்: "மன்னா, அம்பலக்கூத்தன் பொய் சொல்ல மாட்டானாமே. அவனையும் ஒரு வார்த்தை கேளுங்களேன்."

அரசர் கேட்டார். "அம்பலக்கூத்தா, என் கவிதை எப்படி? உண்மையைச் சொல். பொய் சொன்னால் சிறை. ஆனால் சட்டம் நினைவிருக்கட்டும். குற்றம் சொன்னால் கொட்டாரம்!"

அம்பலக்கூத்தனுக்கு ஒரு பக்கம் சிறைக் கதவு தெரிந்தது. இன்னொரு பக்கம் சாணக் கூடை தெரிந்தது. ஆனாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கும்பிட்டான்.

"மன்னா, நான் ஒரு கவிதைகூட எழுதாதவன். நீந்தத் தெரியாதவன் நீச்சலைப் பற்றிப் பேசலாமா? இன்று ஒரு கவிதை எழுதி, நாளை கொண்டு வருகிறேன். தாங்கள் அதைத் திருத்தித் தர வேண்டும். அப்புறம் சொல்கிறேன்."

அரசருக்குத் தலைகால் புரியவில்லை. தன்னிடம் கவிதை கற்றுக்கொள்ள ஓர் ஆள்! "எழுதி வா, எழுதி வா!" என்றார்.

மறுநாள் காலை சபை கூடியது. அம்பலக்கூத்தன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான்:

கரும்பே! கனியே! கற்கண்டுச் சூரியனே!
இரும்பாய் உருகுதே என் நெஞ்சு, சூரியனே!
மனைவி ஊர் போனாள், அந்தோ சூரியனே!
அந்தோ! அந்தோ! அந்தோ சூரியனே!

அரசர் முகத்தைச் சுளித்தார்.

"சூரியன் எப்படியப்பா கற்கண்டாகும்? நக்கிப் பார்த்தாயா?"

"இல்லை மன்னா."

"மனைவி ஊருக்குப் போனதற்குச் சூரியன் என்ன செய்யும்? அதை ஏன் இழுக்கிறாய்? இத்தனை அந்தோ போட்டால் எனக்கு அழுகை வருமா? கொட்டாவிதான் வருகிறது!"

"அப்படியானால் என்ன எழுதுவது மன்னா? எனக்கு வருத்தம் மட்டும் நிறைய இருக்கிறது."

"அவள் போன அன்று நீ என்ன செய்தாய்? அதைச் சொல்."

அம்பலக்கூத்தன் தலையைச் சொறிந்தான். இதைச் சபையில் சொல்ல அவனுக்கு நிஜமாகவே கூச்சமாக இருந்தது. "கஞ்சி காய்ச்சினேன் மன்னா. உப்பு எந்தப் பானையில் இருக்கிறது என்று தெரியவில்லை. ஒவ்வொரு பானையிலும் விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். கடைசியில் நக்கியது சீயக்காய்த் தூள்."

சபை கொல்லென்று சிரித்தது. அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அட மடையா! அதை எழுது! அதில்தான் அவள் வீட்டில் இல்லாதது தெரிகிறது. சூரியனை விட்டுத் தள்ளு..."

சொல்லிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். மடியில் இருந்த தன் ஓலையைப் பார்த்தார். நிலவு, நிலவு, நிலவு. ஓலையை இரண்டாகக் கிழித்துப் போட்டார். எழுத்தாணியையும் புது ஓலையையும் எடுத்துக்கொண்டு அந்தப்புரத்துக்குப் போய்விட்டார்.

அம்பலக்கூத்தன் சாணக் கூடையை நினைத்துக்கொண்டான். சிங்காரர் மீசையைத் தடவிக்கொண்டார்.

உச்சிப்பொழுது தாண்டி அரசர் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. மெதுவான குரலில் படித்தார்:

பந்தியில் இன்றும் பரிசாரகன்
பக்கத்தில் ஓர் இலை போடுகிறான்.
எடுவென்று நானும் சொல்லவில்லை.

யாரும் ஆகா என்று சொல்லவில்லை. வாயிற்காவலன் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். தன் பெண்ணைக் கட்டிக்கொடுத்திருந்த மந்திரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சபை அமைதியாக இருப்பதைப் பார்த்ததும், தன் கவிதை எப்படி இருக்கிறது என்று அரசருக்கு முதன்முறையாகத் தெரிந்தது.

சிங்காரருக்குப் பொறுக்கவில்லை. துள்ளி எழுந்தார். "மன்னா! அருமையான நிலவைக் காணோமே! இவன் தந்திரம் செய்து தங்கள் கவிதையில் குற்றம் கண்டுவிட்டான். சட்டப்படி கொட்டாரத்துக்கு அனுப்புங்கள்!"

"ஐயா, மன்னர் கவிதையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசினேனா?" என்று கேட்டான் அம்பலக்கூத்தன்.

சிங்காரர் யோசித்தார். "பேசவில்லைதான். ஆனால் யாரோ குற்றம் கண்டிருக்கிறார்களே! ஓலை கிழிந்து கிடக்கிறதே!"

"நான்தான் கண்டேன்" என்றார் அரசர். பிறகுதான் அவருக்கே உறைத்தது. "அடடா! அப்படியானால் கொட்டாரத்துக்குப் போக வேண்டியது நானா?"

"சட்டம் அப்படித்தான் சொல்கிறது மன்னா" என்றான் அம்பலக்கூத்தன் பணிவாக. "ஆனால் தனியாகப் போக வேண்டாம். புலவரையும் அழைத்துப் போங்கள். தாங்கள் அள்ளிப் போடும் ஒவ்வொரு கூடைக்கும் 'ஆகா, இதுவல்லவோ சாணம்!' என்று சொல்ல அங்கே ஆள் வேண்டுமே!"

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிக் காதில் தொங்கியது. அந்த நிமிஷமே சட்டத்தை ரத்து செய்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலக்கூத்தனுக்குப் போட்டார். புது ஓலையைக் குதிரைவீரனிடம் கொடுத்து மகளிடம் அனுப்பினார். வழியில் யாராவது படித்துப் பார்த்துக் குற்றம் சொன்னால், அதையும் கேட்டு வரச் சொன்னார்.