நிரப்பாமல் விட்ட இடம்

கதையைச் சொல்வது என் பாடு. தீர்ப்பை மட்டும் முதலில் உங்கள் தலையில் கட்டிவிடுவேன். சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ஒரு சிறிய கட்டுப்பாட்டு அறை. அதில் கிருபாகரன் தனி ஆள். ஐம்பதைத் தாண்டியவர். மனைவி லில்லி இறந்த பிறகு அந்த அறையும் வீடும் அவருக்கு ஒன்றுதான். இரண்டிலும் பேச ஆளில்லை. காற்றாடி நின்றால் மேலதிகாரி கூப்பிட்டு, "ஏன் நிக்குது?" என்பார். ஓடினால் யார் கூப்பிடப் போகிறார்கள்? தான் செய்த நல்ல காரியம் ஒன்றுக்காக ஒரே ஒரு தடவை யாராவது தன் பெயரைச் சொல்லவேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று வெளியே சொல்லவில்லை.

பொழுது போகாமல் மடிக்கணினியில் ஓர் இசை மென்பொருளை இறக்கினார். சரளிவரிசைகூடத் தெரியாதவர். அதனால் என்ன? யாரோ வாசித்துப் பதிந்த துண்டுகள் அதிலேயே குவிந்து கிடந்தன, லூப் என்பார்கள். வயலின் வேண்டுமா, தவில் வேண்டுமா, எடுத்து வரிசையாக அடுக்கினால் தாளமும் சுருதியும் தாமே பொருந்திக்கொள்ளும். சமைத்து வைத்ததை எடுத்துப் பரிமாறினவருக்குச் சமையற்காரர் என்று பெயரா என நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

ஒருநாள் அவர் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு காற்றாடி நின்று அலாரம் அடித்தது. போட்டது போட்டபடி ஓடினார். திரும்பி வந்து, விட்ட இடம் தெரியாமல் ஒரு கட்டம் தள்ளி அடுத்த துண்டைப் போட்டுவிட்டார். ஓட்டிப் பார்த்தால், வயலின் ஏதோ கேட்பதுபோல மேலே ஏறிச் சட்டென்று நின்றது. ஒரு சத்தமும் இல்லை. பிறகு மெதுவாக மறுபடி தொடங்கியது.

கிருபாகரன் அதை மறுபடி ஓட்டிக் கேட்டார். தினமும் வீட்டுக்குள் நுழைந்ததும், "லில்லி, சாப்பிட்டியா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு அவர் நிற்கும் நிலை அதுதான். அந்தக் காலி இடத்தில் ஒரு புல்லாங்குழல் துண்டைப் போட்டுப் பார்த்தார். கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் பொய்யாக இருந்தது. எடுத்துவிட்டார்.

நாகர்கோவிலில் குறும்படம் எடுக்கும் ஜோவிதா, காற்றாலைகளைப் படம்பிடிக்க வந்த இடத்தில் அந்த இசையைக் கேட்டாள்.

"அண்ணாச்சி, இது ஆரு போட்டது?"

"நாந்தான் மக்களே. சும்மா, பொழுதுபோக்குக்கு."

"எனக்க படத்துக்குத் தருவியளா? உங்க பேரு போடுதேன்."

தன் பெயர் திரையில் வரும் என்ற நினைப்பிலேயே அவருக்குச் சில வாரம் பசி தெரியவில்லை.

திருநெல்வேலியில் ஒரு குறும்பட விழாவில் படம் ஓடியது. அந்த மௌனம் வந்தபோது அரங்கில் ஒருவர் இருமக்கூட இல்லை. சிறந்த இசைக்கான பரிசு கிருபாகரனுக்கு என்று அறிவித்தார்கள். அங்கேதான் வில்லங்கம் பிடித்தது.

கூட்டத்திலிருந்து வயலின் கலைஞர் சுந்தரவடிவேல் எழுந்தார். "அது என் வில்லு. அந்த சாப்ட்வேர் கம்பெனிக்கு நான் வாசிச்சுக் குடுத்தது. உரிமைய எழுதிக் குடுத்துட்டேன், அதனால சட்டம் பேசல. ஆனா அந்த ஏக்கத்த இழுத்தது என் கை. இவரு இசையமைப்பாளர்னா நான் யாரு?"

அடுத்து கோவில்பட்டி மாரீஸ்வரன் எழுந்து தன் செல்போனை ஓடவிட்டான். அதே மென்பொருள், அதே வயலின், அதே தவில், அதே வரிசை. பல மாதம் முன்பே இணையத்தில் போட்டிருக்கிறான். அதில் மௌனத்துக்குப் பதில் புல்லாங்குழல் இருந்தது. "ஒரு துண்ட எடுத்துட்டா இசையமைப்பாளரா? மொதல்ல அடுக்குனது நாந்தானே?" என்றான்.

நடுவராக இருந்த அம்மாள் கிருபாகரனைப் பார்த்தார். "அந்த இடத்தை ஏன் காலியா விட்டீங்க?"

"அது மொதல்ல தப்பா விழுந்ததும்மா" என்று அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். அரங்கம் சிரித்தது. ஜோவிதா தலையில் கைவைத்தாள். மீதியையும் சொல்ல அவர் வாயெடுத்தார். அத்தனை பேருக்கு முன்னால் லில்லியின் பெயரைச் சொல்ல நா எழவில்லை.

கதை இங்கே நிற்கட்டும். வாசித்தவர் ஒருவர், முதலில் அடுக்கியவர் ஒருவர், தப்பாய் அடுக்கிவிட்டு அதைத் திருத்தாமல் விட்டவர் ஒருவர். இந்த மூவரில் இசையமைப்பாளர் யார்?

யோசித்தாயிற்றா? என் தீர்ப்பைச் சொல்கிறேன். சுந்தரவடிவேல் இல்லாமல் அந்த இசையே கிடையாது. அவர் பெயரும் திரையில் வந்தாகவேண்டும். ஆனால் அவர் வாசித்த ஏக்கம் எங்கே போய் நிற்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மாரீஸ்வரன் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தான். அதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். தப்பு எந்தக் கையிலிருந்தும் விழும், அதற்குப் பரிசு கேட்க முடியாது. நன்றாக இருந்ததைப் போட்டுக் கேட்டு, இது பொய் என்று எடுத்தாரே, அந்த நிமிடத்தில் கிருபாகரன் இசையமைப்பாளர் ஆனார். பரிசை அவருக்கே கொடுங்கள். கொண்டுபோய்க் காட்டத்தான் அவருக்கு ஆளில்லை.