பன்னிரண்டு லட்சத்தைத் தின்றவன்

நாமக்கல் லாரி முதலாளி நாச்சிமுத்து வாயைத் திறந்தால் ஆபீசே நடுங்கும், கணக்கெழுதுகிற வளர்மதியைத் தவிர.

“மூணு வருஷத்துல இந்த லாரிக்குத் தேய்மானம் பன்னெண்டு லட்சம்னு எழுதியிருக்கியே, யாருக்கும்மா கொடுத்தே? வாங்கினவனைச் சாயங்காலத்துக்குள்ள கூட்டிட்டு வா. இல்லேன்னா திருட்டுப் பட்டம் உனக்குத்தான்.”

“சரிங்க முதலாளி” என்று போனவள், சாயங்காலம் பழைய லாரி விற்றுத்தரும் புரோக்கரோடு வந்தாள். அவர் அந்த லாரியைச் சுற்றிப் பார்த்தார்.

“பதினெட்டு லட்சத்துக்குப் போகுமுங்க.”

முதலாளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “முப்பது லட்சத்துக்கு வாங்கின வண்டிய்யா. மீதி பன்னெண்டு லட்சத்தை எவன் தின்னான்?”

வளர்மதி கணக்கேட்டை விரித்து நீட்டினாள்.

“அவன் பேரைத்தானுங்க இதுல எழுதியிருக்கேன்.”